1969 கமாரோவை வீட்டிலேயே ஓட வைப்பது: 350 இன்ஜினோடு தொடங்குபவர்களுக்கு

பழைய செவர்லே கமாரோ காரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பலர் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில். வண்டி இழுக்கவில்லை, ஐடிலிங்கில் நிற்கவில்லை, கரும்புகை வருகிறது என்றால் உடனே அதன் ஸ்க்ரூக்களைத் திருகத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் பழுது பெரும்பாலும் அங்கே இருக்காது. பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள், தேய்ந்துபோன பாயிண்ட்டில் (கரண்ட்டைத் திறந்து மூடும் சிறு ஸ்விட்ச்) இருக்கும். சரியான கார்புரேட்டரைக் கலைத்துவிட்டால், அதன்பின் ஒரு பழுது இரண்டாகிவிடும்.

இந்த வண்டிகளில் எதை முதலில் செய்வது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. முதலில் பிரேக். அடுத்து ஆயிலும் பெட்ரோலும். பிறகு பாயிண்ட், அதன்பின் டைமிங் (பொறி எந்த நேரத்தில் விழுகிறது என்பது), கடைசியில் கார்புரேட்டர். இங்கே சொல்வதெல்லாம் 1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை கமாரோவையும் அதில் வந்த 350 கன அங்குல வி8 இன்ஜினையும் (சுமார் 5.7 லிட்டர்) வைத்துத்தான். அதே காலத்து செவெல், நோவா வண்டிகளில் 350 இருந்தால் இன்ஜின் பகுதி அப்படியே பொருந்தும். இடது என்றால் டிரைவர் பக்கம், வலது என்றால் பக்கத்து சீட் பக்கம்.

உள்ளே இருப்பது எந்த இன்ஜின்?

பாகம் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். 283, 307, 327, 350 கன அங்குல செவர்லே வி8 எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் இன்ஜின் மாறியிருப்பது சாதாரணம். இடது சிலிண்டர் ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பின் மேல் வார்ப்பு எண் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் கிரீஸைத் தேய்த்து எடுத்து, டார்ச் அடித்துப் படியுங்கள். 3970010 என்றிருந்தால் பெரும்பாலும் அது 1969 முதல் பல வருடம் வந்த 350 பிளாக். வலது ஹெட்டின் முன்னால், பிளாக்கின் தட்டையான பகுதியில் குத்தியிருக்கும் எழுத்துகள், அந்த இன்ஜின் எந்த வண்டிக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லும். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பாகம் விற்பவரிடம் பேசுவது சுலபம்.

அந்த வருடத்துக்கான செவர்லே சர்வீஸ் மேனுவலின் மறுபதிப்பு ஒன்றும் வாங்கிவிடுங்கள். போல்ட்டுகள் எல்லாம் அங்குல அளவு என்பதால் மில்லிமீட்டர் ஸ்பானர் செட் உதவாது. 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றும்தான் அதிகம் கைக்கு வரும். இவற்றோடு டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், டைமிங் லைட், ட்வெல் மீட்டர் (ட்வெல் என்ன என்பது பாயிண்ட் பகுதியில்), வேக்குவம் கேஜ், மல்டிமீட்டர் இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா வேலையும் செய்யலாம்.

வண்டிக்கு அடியில் போகும் முன்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். முன்பக்கம் சப்ஃபிரேமுக்கு அடியிலும் பின்பக்கம் ஆக்ஸிலுக்கு அடியிலும் வைத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். கராஜுக்குள் வாட்டர் ஹீட்டர் இருந்து அதில் சிறு சுடர் எரிந்துகொண்டிருந்தால், பெட்ரோல் வேலை அங்கே கூடாது, வண்டியை வெளியே தள்ளிவிடுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு ஊர்ந்து போய்ப் பற்றிக்கொள்ளும். கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட விடவே கூடாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் தொங்க வேண்டும், பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் கேபிள்தான் முதலில்.

பிரேக்

நின்றுபோகாத இன்ஜினை விட நிற்கவைக்கும் பிரேக் முக்கியம். பல கமாரோக்களில் நான்கு சக்கரத்திலும் டிரம், அதுவும் 9.5 அங்குல டிரம்தான். ஒரு டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் மெல்ல நெம்புங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டர் கசிகிறது. மாற்றுவதானால் அந்த ஆக்ஸிலின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

ஷூ மாற்றும்போது ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும். எந்த ஸ்பிரிங் எங்கே போகும் என்பதற்குக் கழற்றாத பக்கம்தான் மாதிரி. லைனிங் குட்டையாக உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும், நீளமானது பின்னால். இரண்டையும் மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்கும், ஆனால் பலம் இருக்காது. அட்ஜஸ்டர் ஸ்க்ரூ இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு. பக்கம் மாறினால், பின்னால் போய் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஷூவை நெருக்குவதற்குப் பதில் தளர்த்தும். பெடல் நாளுக்கு நாள் இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

ஏர் எடுக்கும் வரிசை: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. டாட் 3 பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் எந்தக் காலத்தது என்று தெரியவில்லை என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஹோஸைத்தான்.

ஆயில்

ஃபில்டரோடு மாற்றினால் 5 குவார்ட், அதாவது சுமார் 4.7 லிட்டர். ஃபில்டர் இல்லாமல் 4. இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்டின் மேல், வால்வைத் திறக்க உதவும் லிஃப்டர் நேராக உரசி நகர்கிறது, இடையில் ரோலர் கிடையாது. அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள் போதுமான அளவு இருக்க வேண்டும். இன்றைய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக சாதாரண பெட்ரோல் கார் ஆயிலில் இதைக் குறைத்துவிட்டார்கள். எனவே பழைய வண்டிகளுக்கென்று விற்கும் 10டபிள்யூ-30 ஆயிலில், ஜிங்க் 1,000 பிபிஎம்-க்கு மேல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இதை அலட்சியம் செய்தால் கேம் தேய்ந்து உருண்டையாகும், இரும்புத் தூள் பேரிங் முழுக்கப் பரவும்.

புது ஆயில் ஊற்றும் முன் பழைய டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் மெக்கானிக்கல் ஃபியூயல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயில் சட்டிக்குள் இறங்குகிறது. பம்பை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பெட்ரோல்

ஆறு மாதத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால் டேங்கை வடித்துவிடுங்கள். இன்று அமெரிக்க பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அறுபதுகளின் ரப்பர் அதைத் தாங்காது, ஹோஸ் உள்ளிருந்து உதிர்ந்து கறுப்புத் துகளாகக் கார்புரேட்டருக்குள் போகும். டேங்க் முதல் பம்ப் வரையுள்ள ரப்பர் துண்டுகள் எல்லாவற்றையும் எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள்.

நான்கு வாய் கார்புரேட்டர் உள்ள 350-ல் வந்தது ராச்செஸ்டர் குவாட்ராஜெட். பெட்ரோல் குழாய் நுழையும் பெரிய நட்டுக்குள் ஒரு சிறு ஃபில்டரும் ஸ்பிரிங்கும் இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. கழற்றும்போது 1 அங்குல ஸ்பானரால் பெரிய நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, 5/8 ஃப்ளேர் ஸ்பானரால் குழாய் நட்டைத் திருப்புங்கள். மாட்டும்போது முதல் நான்கு சுற்று விரலால்தான் ஏற வேண்டும். கார்புரேட்டர் உலோகம் மெத்தென்றது, மரை கோணலாக ஏறினால் அதோடு முடிந்தது.

பெட்ரோல் வருகிறதா என்று பார்க்கப் பெரிய சோதனை எதுவும் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, சோக் தகட்டை விரலால் திறந்து பிடித்தபடி, திராட்டில் லிவரைக் கையால் முழுக்கத் தள்ளுங்கள். முன்பக்க இரு துவாரங்களிலும் இரண்டு கம்பிபோலப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ, ஒன்றில் மட்டும் வந்தாலோ, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் திக்குவதற்குக் காரணம் அதுதான். ஆக்ஸிலரேட்டர் பம்பின் தோல் கிண்ணம் காய்ந்துபோயிருக்கும். இரண்டு வாரம் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆக நேரமெடுப்பது வேறு விஷயம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் பவுலின் அடியிலுள்ள அடைப்பான்கள் மெல்லக் கசிந்தும் பெட்ரோல் ஆவியாகியும் பவுல் காலியாகியிருக்கும், பம்ப் அதை நிரப்பும் வரை ஸ்டார்ட்டர் சுற்றியே ஆக வேண்டும்.

பாயிண்ட்

அம்பாசடரோ பத்மினியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். அதே பாயிண்ட், அதே கண்டென்சர், நான்கு சிலிண்டருக்குப் பதில் எட்டு. காயிலுக்குப் போகும் கரண்ட்டைப் பாயிண்ட் திறந்து அறுக்கும் அந்த நொடியில்தான் பொறி பிறக்கிறது. மூடியிருக்கும் நேரத்தில் காயில் நிரம்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கேம் சுற்றும்போது பாயிண்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்பதே ட்வெல். இதில் 30 டிகிரி வேண்டும், 28 முதல் 32 வரை பரவாயில்லை.

1. டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பின்கோடியில் இருக்கிறது. ஒயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். மூடியின் இரு பிடிகளையும் ஸ்க்ரூ டிரைவரால் கீழே அழுத்தி அரைச் சுற்றுத் திருப்பினால் மூடி வந்துவிடும்.

2. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி ரோட்டரை எடுங்கள். அடியில் ஒரு முளை வட்டம், இன்னொன்று சதுரம். திரும்ப மாட்டும்போது அவை சரியான குழியில் உட்கார வேண்டும். வலுக்கட்டாயமாக முறுக்கினால் ரோட்டர் உடையும்.

3. பழைய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் கழற்றுங்கள். பாயிண்ட் முகத்தைப் பாருங்கள். லேசான சாம்பல் நிறம் சரியான அறிகுறி. நீலம் பாய்ந்து எரிந்திருந்தால் காயிலுக்கு அதிக வோல்ட் போகிறது. தொழிற்சாலையில் போட்ட ரெசிஸ்டன்ஸ் ஒயரை யாரோ தாண்டி இணைத்திருப்பார்கள். ஒரு முகத்தில் மேடும் மறுமுகத்தில் குழியும் இருந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

4. புதியதை மாட்டும் முன் கேமைத் துடைத்து, பாயிண்ட் கிரீஸ் ஒரு தீக்குச்சித் தலை அளவு தடவுங்கள். கூடினால் பாயிண்ட் முகத்தில் தெறித்துப் பொறியைக் கெடுக்கும். இல்லாமலே போனால் உரசும் கட்டை தேயும். கட்டை தேயத் தேய இடைவெளி குறைகிறது, ட்வெல் கூடுகிறது, டைமிங் பின்வாங்குகிறது. நன்றாக ஓடிய வண்டி இரண்டாயிரம் மைலில் சோர்ந்துபோவது இப்படித்தான்.

5. உரசும் கட்டை கேமின் உச்சியில் நிற்கும்படி இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள். புது பாயிண்ட்டுக்கு இடைவெளி 0.019 அங்குலம், பழையதற்கு 0.016. ஃபீலர் கேஜை எண்ணெய் இல்லாமல் துடைத்த பிறகே நுழையுங்கள். முடிந்ததும் சுத்தமான விசிட்டிங் கார்டு ஒன்றைப் பாயிண்ட் முகங்களுக்கு நடுவே இழுத்து எடுங்கள். கையிலிருந்து ஒட்டிய எண்ணெய்ப்படலம் அதில் வந்துவிடும்.

6. மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஜி.எம். (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) டிஸ்ட்ரிபியூட்டரின் அருமையே இனிமேல்தான் தெரியும். மூடியின் பக்கத்தில் மேலே தள்ளித் திறக்கும் சிறு தகரச் சன்னல் உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வழியாக 1/8 அங்குல ஆலன் கீயை விட்டு, ட்வெல் மீட்டரைப் பார்த்தபடி 30 டிகிரிக்குத் திருப்பலாம். மீட்டர் இல்லையென்றால் இன்ஜின் மிஸ் ஆகத் தொடங்கும்வரை கீயை வலஞ்சுழியாகத் திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்றுப் பின்னால் வாருங்கள். ஏறக்குறைய 30-ல் நிற்கும்.

ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.035 அங்குலம். இந்த வருட ஹெட்டுக்கு 13/16 சாக்கெட். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. இடது பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. வலது பக்கம் 2, 4, 6, 8. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றும். 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவையும் அவையே. அந்த இரண்டு ஒயரையும் ஒன்றாகக் கட்டினால் 5-ன் பொறி 7-க்குத் தாவி, லோடு ஏறும்போது மிஸ்ஸிங் வரும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டுக் கிளிப்பில் மாட்டுங்கள்.

பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் கிட் போடுவது தவறில்லை. ஆனால் அதற்கு முழு 12 வோல்ட் வேண்டுமா, ரெசிஸ்டன்ஸ் ஒயரோடு ஓடுமா என்பதைக் கிட்டின் தாளில் படித்துவிட்டு இணையுங்கள். எது போட்டாலும் ஒரு செட் பாயிண்ட்டும் கண்டென்சரும் கையுறைப் பெட்டியில் இருக்கட்டும்.

டைமிங்

ட்வெல் முடிந்த பிறகே இது. ட்வெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் அதோடு நகரும். ஆனால் டைமிங்கைத் திருப்பினால் ட்வெல் மாறாது. வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடையுங்கள், கோல்ஃப் டீ கச்சிதமாகப் பொருந்தும். லைட்டை முதல் சிலிண்டர் ஒயரில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலுள்ள 9/16 போல்ட்டைத் தளர்த்தி மெல்லத் திருப்புங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடலை இடஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும், அதாவது பொறி முன்கூட்டியே விழும். சாதாரண 350-களுக்கு மேனுவல் சொல்வது கியர்பாக்ஸைப் பொறுத்து 0 முதல் 4 டிகிரி வரை. அதைவிட உதவும் அளவு, வேக்குவம் ஹோஸ் கழன்ற நிலையில் 3,000 ஆர்பிஎம்-மில் மொத்தம் 34 முதல் 36 டிகிரி. மேட்டில் ஏறும்போது கலகலவென்று நாக்கிங் கேட்டால் இரண்டு டிகிரி குறைத்துவிடுங்கள்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி தப்பாக ஓடினால் பேலன்ஸரைச் சந்தேகியுங்கள். கிராங்க் முனையிலுள்ள அதன் வெளிவளையம் ரப்பரில் ஒட்டி நிற்கிறது. ரப்பர் முதிர்ந்து வளையம் வழுக்கிவிட்டால் டைமிங் கோடு பொய் சொல்லும். எல்லா பிளக்கையும் கழற்றி, முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகி, கிராங்க்கைக் கையால் ஒரு பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் ஒரு கோடு, மறுபக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நட்டநடு தான் பிஸ்டனின் உண்மையான உச்சி. பழைய கோடு அங்கே இல்லையென்றால் புது பேலன்ஸர் வாங்க வேண்டும்.

இப்போது கார்புரேட்டர்

இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். முதலில் வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்றை நசுக்கியதும் ஐடிலிங் சீரானால் அதன் வழியில்தான் காற்று கசிகிறது. பிறகு வேக்குவம் கேஜை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டி, ஐடிலிங்கில் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் முன்பக்க மிக்ஸர் ஸ்க்ரூ இரண்டையும் கால் சுற்றுக் கால் சுற்றாக, மாறி மாறி, ஊசி அதிகபட்சத்தில் ஆடாமல் நிற்கும்வரை திருப்புங்கள். ஸ்க்ரூவை அடிவரை இறுக்கினால் முனை நசுங்கும், மெல்லத் தொட்டதும் நிறுத்துங்கள். கேம் ஷாஃப்ட் மாறாத இன்ஜினில் கேஜில் 17 அங்குலத்துக்கு (பாதரச அளவு) மேல் வர வேண்டும். ஐடிலிங் மேனுவல் கியருக்கு 700 ஆர்பிஎம், ஆட்டோமேட்டிக்குக்கு டிரைவில் 600 அளவில்.

சூடு

டிராஃபிக்கில் சூடேறி, ஹைவேயில் இறங்கினால் காற்றோட்டக் குறை. ஃபேன் கிளட்ச்சையும், ஃபேனைச் சுற்றிய உறை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹைவேயில் ஏறினால் தண்ணீர் ஓட்டக் குறை. ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் நசுங்கும். இரண்டிலும் சூடேறினால் டைமிங் பின்வாங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியேட்டர் மூடி 15 பிஎஸ்ஐ, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது மருந்தல்ல.

கரண்ட், கசிவு

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.7 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் வாங்க ஓடாதீர்கள். இந்த வருடங்களில் ரெகுலேட்டர் தனியாக வெளியே இருக்கிறது. அதையும் எர்த் ஒயர்களையும் முதலில் சுத்தம் செய்து பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டர் அதைச் சுற்றத் திணறினால், எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்திலேயே இருப்பதால் வரும் சூடுதான் காரணம். கேபிள் முனைகளைத் தேய்த்து இறுக்கி, ஸ்டார்ட்டருக்கு வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள்.

பின்னால் ஆயில் சொட்டினால் ரியர் மெயின் சீல் (கிராங்க்கின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல்) என்று முடிவுகட்டி இன்ஜினை இறக்கிவிடாதீர்கள். வால்வ் கவரின் பின்முனையிலும், இன்டேக் மேனிஃபோல்ட் பிளாக்கோடு சேரும் பின்சுவரிலும் கசியும் ஆயில் அதே வழியாகத்தான் இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் கையை விட்டு விரலால் துழாவிப் பாருங்கள். விரல் நனைந்து வந்தால் கசிவு மேலேதான்.

வேலை முடிந்து முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் இருக்கட்டும். திரும்பி வந்ததும் சக்கர நட்டுகளை 70 பவுண்டு-அடியில் மறுபடி இறுக்குங்கள். பிரேக் ஆயில் அளவையும் கார்புரேட்டர் நட்டில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குறைந்த கூலன்ட்டை நிரப்புங்கள்.